பூரண மண்

மலைச்சரிவு மண்வள வாரியத்தின் போடிநாயக்கனூர் அலுவலகத்துக்குள் காலில் மண்ணோடு நுழைய முடியாது. வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள்: ‘உள்ளே டைல்ஸ். காலில் மண் உள்ளவர்கள் கழுவிவிட்டு வரவும்.’ கழுவுவதற்குக் குழாய் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராது. அதனால் விவசாயிகள் துண்டால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். துண்டில் மண் ஒட்டியிருந்தால் அதற்குத் தனியாகத் திட்டு விழும்.

வாரியம் வருவதற்கு முன்னால் சரிவுக்காரர்கள் தங்களுக்குத் தோன்றிய உரத்தைக் கடையில் வாங்கி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் ஏலக்காய்ச் செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இது அறிவியல் அல்ல என்று வாரியம் கண்டுபிடித்தது. இனி ஏலத்தோட்டக்காரன் எவனாக இருந்தாலும் தன் மண்ணைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். இந்த மண்ணுக்கு இது குறைவு என்று வாரியம் சொன்ன பிறகுதான் உரம் வாங்க வேண்டும். சொல்லாத உரத்தை விற்கிற கடைக்குப் பூட்டு. யோசனை என்னவோ நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளைக் கொண்டுபோய் யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் நமக்கு எப்போதும் சனி பிடித்துத் தொலைக்கிறது.

ராசிங்காபுரம் மொக்கையனுக்குப் போடிமெட்டு ரோட்டுக்குக் கீழே, சரிவில் ஒரு துண்டு ஏலத்தோட்டம் இருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப்பை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். அவன் அப்பன் பாறைக்கு நடுவே கல் அடுக்கித் தடுத்து, வருஷா வருஷம் சருகும் சாணியும் சேர்த்து உண்டாக்கிய மண் அது. முழங்கால் ஆழம் தோண்டினால் கடப்பாரை பாறையில் இடிக்கும். அதை விட்டால் அவனுக்கும் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளுக்கும் வேறு நாதி கிடையாது.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் செடிகளின் இலை ஓரம் கருகி மஞ்சளடித்தது. காய்ச்சரத்தில் பிஞ்சு நிற்காமல் கொட்டியது. மொக்கையன் போடிக்கு இறங்கி, சத்தியநேசன் உரக்கடைக்கு ஓடினான்.

“ஏதாச்சும் குடுங்கண்ணே. கண்ணு முன்னால கொட்டிக்கிட்டு இருக்கு.”

சத்தியநேசன் மூட்டைகளுக்கு நடுவே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். “மொக்கையா, மூட்டை இந்தா இருக்கு, நீ இந்தா நிக்கிற. நடுவுல வாரியம்ல நிக்கிது? ஒரு பிடி அள்ளிக் குடுத்தேன்னாலும் நாளைக்கு வந்து சீல் வெச்சுட்டுப் போயிருவான். போயி மண்ணைக் குடுத்துச் சோதனை பாரு. வெரசாப் போ.”

மண் எடுப்பது எப்படி என்று வாரியம் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி வைத்தது. வாரியத்தின் மண்டல இயக்குநர் யோகராஜ் மைக்கைப் பிடித்தார். வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ.

“மண் நமக்குத் தாய்!” என்று ஆரம்பித்தார். “இந்தத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து இன்று வரை நான் ஒரு தோட்டத்தில்கூடக் கால் வைத்ததில்லை. ஏன்? தாயை யாராவது மிதிப்பார்களா?”

முன்வரிசையில் இருந்த அலுவலர்கள் கைதட்டினார்கள்.

“தோட்டத்தையே பார்க்காமல் எப்படி சார் யோசனை சொல்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். பார்த்தால் இரக்கம் வந்துவிடும். இரக்கம் வந்தால் அறிவியல் போய்விடும். நான் இதுவரை எந்த விவசாயி மீதும் இரக்கம் காட்டியது கிடையாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

அதற்கும் கைதட்டினார்கள். பிறகு சோதனைக்கூடப் பொறுப்பாளர் அனுசியா எழுந்து, தோட்டத்தின் பல இடங்களில் குழி வெட்டிச் சுரண்டுவது, கலந்து நாலாகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கை எடுத்துக்கொள்வது, நிழலில் உலர்த்துவது எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். அதற்குள் சாம்பார் சாதம் வந்துவிட்டதால் கேட்பதற்கு ஆளில்லை. மொக்கையன் மட்டும் இலையைக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

வாரியத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்தச் சரிவுக்காரர்கள் தங்கள் தோட்டத்து மண்ணை வேற்றாள் கையில் கொடுக்கவே மாட்டார்கள். ஒரு பிடி மண் போதும், அதில் செய்வினை வைத்துத் தோட்டத்தையே முடக்கிவிடுவான் என்று பயம். வெளியூர்க் கூலியாட்கள்கூடச் சாயங்காலம் காலைத் தட்டி உதறிவிட்டுத்தான் ஜீப்பில் ஏற வேண்டும். அப்படிப்பட்டவர்களிடம் போய், பையில் கட்டி, பெயர் எழுதி, கவர்மெண்டுக்குக் கொடு என்றால் கொடுப்பார்களா?

வழி கண்டுபிடித்தவன் விஜயபாண்டி. மொக்கையனுக்குப் பங்காளி வீட்டு மாப்பிள்ளை, பக்கத்துத் தோட்டக்காரன். வெறும் பையோடு பஸ்சை விட்டு இறங்கினான். வாரிய அலுவலகத்து முகப்பில் காண்ட்ராக்டர் வைத்த குரோட்டன்ஸ் பாத்தி ஒன்று இருந்தது; தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் போட்டுப் பொதுபொதுவென்று வைத்திருந்தார்கள். அதில் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, காலைத் துடைத்து, உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

“அவுக மண்ணை அவுககிட்டயே குடுத்தாச்சு. செய்வினை வெச்சா அவுகளுக்கே போகட்டும்ல!”

இந்த யோசனை ஊருக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்து வந்தவர்கள் எல்லாரும் பாத்தியிலேயே அள்ளினார்கள். தேவாரம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் விஷயம் கேள்விப்பட்டு அள்ளினார்கள். காவலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வேலை, மண்ணோடு உள்ளே வருகிறவர்களைத் தடுப்பது. மண்ணை எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி அவருக்கு உத்தரவு எதுவும் வரவில்லை.

மொக்கையன் ஒருத்தன்தான் நிஜமாகவே குழி வெட்டினான். வீட்டு நிழலில் சாக்கை விரித்து மண்ணை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஒச்சம்மாள் வந்து நின்றாள்.

“ஊரே அந்தப் பாத்தியில அள்ளிக் குடுக்குது. உனக்கு மட்டும் என்னய்யா கேடு? நம்ம மண்ணை ஒரு பிடி அடுத்தவன் கையில குடுத்தம்னா, பொறத்தாலயே மொத்தமும் போயிரும்.”

“கூறுகெட்டவளே, செடிக்கு என்ன சீக்குன்னு தெரிய வேணாமா? அவுக மண்ணைக் குடுத்தா அவுக செடிக்குல்ல வைத்தியம் சொல்வாக?”

“போயிரும்னா போயிரும். சொல்லிட்டேன்.”

படிக்காத பொம்பளை, மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடிவுகள் வந்தன. அனுசியா தாள்களைத் தூக்கிக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார். “சார், கிட்டத்தட்ட எல்லா மண்ணும் ஒரே மண்ணா இருக்கு. அதே நார்த்தூள், அதே சத்து. ஒண்ணுல பிளாஸ்டிக் பூத்தொட்டித் துண்டுகூடக் கெடக்கு. எங்கயோ தப்பு நடந்திருக்கு சார்.”

யோகராஜ் தாள்களைப் பார்த்தார். கண் கலங்கியது. “தப்பில்லை அனுசியா. இதுதான் நம்ம வெற்றி.”

உடனே மண் திருவிழா அறிவிக்கப்பட்டது. அதில் யோகராஜ் பேசினார்: “எத்தனை சாதி, எத்தனை ஊர், எத்தனை தோட்டம்! ஆனால் மண் ஒன்று! நாங்கள் வருவதற்கு முன்னால் இந்தச் சரிவில் தோட்டத்துக்குத் தோட்டம் மண் வேறாக இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஏற்றத்தாழ்வை ஒழித்துவிட்டோம். எப்படி ஒழித்தோம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எந்தக் குறையும் இல்லாத இந்த மண்ணுக்குப் பூரண மண் என்று பெயர் சூட்டுகிறேன்!”

பூரண மண்காரர்களுக்கு ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். பூரண மண்ணுக்கு உரம் தேவையில்லை என்பதால் யாருக்கும் உரம் கிடையாது. விஜயபாண்டி மேடையில் பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாளே போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், வாரியத்தின் சட்டம் செல்லாத ஊருக்குப் போய், கூலியாட்கள் வருகிற ஜீப்பில் சீட்டுக்கு அடியில் உர மூட்டை வைத்துக் கொண்டுவந்துவிட்டான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். இந்தச் சரிவில் அறிவியல் வளர்ந்ததும் கடத்தல் வளர்ந்ததும் ஒரே மாதத்தில்.

விஜயபாண்டி மொக்கையனிடமும் வந்தான். “மாப்ளே, உனக்கும் ரெண்டு மூட்டை ஏத்திட்டு வரவா?”

“எதுக்கு மாப்ளே? எனக்குத்தான் குறை இருக்குன்னு வந்திருக்குல்ல. சட்டப்படியே எழுதிக் குடுப்பாக.”

விஜயபாண்டி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் நாம் பார்ப்போமே, அந்தப் பார்வை.

ஆமாம், குறை இருப்பதாக வந்தது மொக்கையன் மண்ணுக்கு மட்டும்தான். கூப்பிட்டு அனுப்பினார்கள். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவனை அனுசியா நடையிலேயே மடக்கினார்.

“அண்ணே, பயப்படாதீங்க. உங்க மண்ணுல புளிப்பு ஏறியிருக்கு, சாம்பல் சத்து கொறைச்சல். கொஞ்சம் சுண்ணாம்பும் பொட்டாஷும் போட்டீங்கன்னா தேறிரும். ரொம்பச் சின்ன வைத்தியம்.”

மொக்கையன் கையெடுத்துக் கும்பிட்டான். “அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா. இப்பவே வாங்கிட்டுப் போயிர்றேன்.”

“எழுத மாட்டேண்ணே. எனக்கு மதுரைக்கு மாறுதல் வர வேண்டியிருக்கு. நான் சொன்னேன்னும் சொல்லிராதீங்க” என்று சொல்லிவிட்டு அனுசியா சோதனைக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

யோகராஜ் அவனை உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகள் துணி போட்டவை.

“மொக்கையன், இந்தச் சரிவு முழுக்கப் பூரண மண். நடுவில் உங்களுக்கு மட்டும் எப்படிக் குறை வந்தது?”

“அதான் சார் நானும் கேக்க வந்தேன். என்னமோ சுண்ணாம்பு போட்டா தேறிரும்கிறாக…”

“யார் சொன்னது?”

மொக்கையன் அனுசியாவை நினைத்தான். “யாரும் சொல்லலை சார்.”

“நான் சுண்ணாம்பு எழுதிக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் உங்கள் மண்ணில் குறை இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால், என் சரிவில் குறை இருக்கிறது என்று ஆகும். வாரியத் தலைவர் சென்னையிலிருந்து பூரணச் சரிவு என்று அறிவிக்க வருகிறார். உங்கள் ஒருவருக்காக அவர் பொய் சொல்ல வேண்டுமா? நியாயத்தைச் சொல்லுங்கள்.”

“சார், செடி செத்துரும் சார்” என்றான் மொக்கையன்.

“அதனால்தான் உங்களுக்கு உயர்தர சிகிச்சை தருகிறோம். மருந்து கொடுத்தால்தானே குறை இருந்ததாக ஆகும்? மண்ணையே மாற்றிவிட்டால்? பழைய மண்ணை அகற்றிவிட்டுப் பூரண மண் போடுவோம். முற்றிலும் இலவசம்!”

சரிவில் லாரி இறங்காது. ஆட்கள் வந்து செடிகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். நோய் மண்ணைச் சுரண்டிச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாக ரோட்டுக்கு ஏற்றினார்கள். பயனாளி ஒத்துழைக்க வேண்டும் என்று விதி இருந்ததால் மொக்கையனும் சுமந்தான். அப்பன் அடுக்கிய கல்லைக் கடந்து, அப்பன் சேர்த்த மண்ணை, வளைவில் நின்ற லாரி வரை ஏறி ஏறிச் சுமந்தான். தன் பாடையைத் தானே தூக்குகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒச்சம்மாள் பிடுங்கிப் போட்ட செடிகளின் வேரில் ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொண்டே கத்தினாள். “அடப் பாவிகளா, நீங்க நல்லா இருப்பீகளா! ஒங்க சோத்துல மண்ணு விழ!” அவள் சாபத்திலும் மண்ணுதான் வந்தது. வாரியத்து மேற்பார்வையாளர், இந்த அம்மா ஒத்துழைக்கவில்லை என்று யோகராஜுக்குப் போனில் சொன்னார்.

“புது மண்ணு எப்ப சார் வரும்?” என்று மொக்கையன் கேட்டான்.

“பின்னாலயே வருது” என்றார் மேற்பார்வையாளர்.

அந்தச் சமயத்தில் வாரிய அலுவலகத்தில் வேறொரு நெருக்கடி. ஊர்க்காரர்கள் அள்ளி அள்ளி, முகப்பில் குரோட்டன்ஸ் பாத்தி இருந்த இடத்தில் எருமை படுத்துப் புரளுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. பெருச்சாளி வேலை என்று அலுவலகத்தில் முடிவு செய்து, பெருச்சாளிக்கு மருந்தும் வைத்திருந்தார்கள். தலைவர் வந்து காரை விட்டு இறங்கினால் முதலில் அந்தப் பள்ளத்தில்தான் கால் வைப்பார். அவசரமாக மண் வேண்டும். காண்ட்ராக்டர் கைவிரித்தார். வாசலில் லாரி வந்து நின்றது.

அப்படித்தான் மொக்கையன் தோட்டம் முழுசும் பாத்திக்குள் போனது.

அதில் புதுக் குரோட்டன்ஸ் நடுவதை அனுசியா ஜன்னல் வழியாகப் பார்த்தார். அலுவலகப் பூந்தோட்டத்துக்கு உரம் போட யார் அனுமதியும் தேவையில்லை. கிடங்கிலிருந்து சுண்ணாம்பையும் பொட்டாஷையும் எடுத்துவந்து அளவாகப் போட்டுக் கிளறித் தண்ணீர் விடச் சொன்னார். வைத்தியம் அவர் சொன்ன மாதிரியே பலித்தது. தலைவர் வருவதற்குள் குரோட்டன்ஸ் இலையெல்லாம் எண்ணெய் பூசினது போல மின்னின.

தலைவர் வந்தார். போட்டோவுக்காகக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார். “ஆகா! காட்டு வாசம் அடிக்குதே! எங்கே கிடைத்தது யோகராஜ்?”

“வாரியத்தின் சொந்த மண் சார். நாங்களே உருவாக்கினது.”

சிறந்த அலுவலகத் தோட்டத்துக்கான விருதைத் தலைவர் அங்கேயே அறிவித்தார். பிறகு அவர் கையைக் கழுவ வேண்டும் என்று பாட்டில் தண்ணீர் வாங்க ஆள் ஓடியது.

கூட்டம் கலைந்ததும், புது மண் கேட்டு வந்து வெளியே நின்றிருந்த மொக்கையன் உள்ளே வந்து பாத்தி ஓரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். தொடக்கூட வேண்டியதில்லை. அறுந்த ஏல வேர்கள் மேலேயே கிடந்தன. ஒரு வேரிலிருந்து குருத்து ஒன்று குரோட்டன்ஸுக்கு நடுவே பச்சையாக எட்டிப் பார்த்தது. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை.

“சார், இது என் மண்ணு சார்” என்றான், மாலையோடு வந்த யோகராஜைப் பார்த்து.

“உங்கள் மண் நோய் மண். இது விருது வாங்கிய மண். இரண்டும் எப்படி ஒன்றாகும்?” யோகராஜ் குனிந்து, அந்தக் குருத்தைக் களை என்று சொல்லிப் பிடுங்கிப் போட்டார். அவர் தம் கையால் செய்த விவசாய வேலை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

“அப்ப எனக்குப் புது மண்ணு எப்ப சார் குடுப்பீக?”

“விண்ணப்பத்தோடு உங்கள் தோட்டத்து மண் மாதிரி ஒரு பை கொண்டுவாருங்கள். சோதித்துப் பார்த்துக் குறை இருந்தால் மாற்றித் தருகிறோம்.”

“தோட்டத்துல மண்ணே இல்ல சார். நீங்கதான் அள்ளிட்டீக. வெறும் பாறை கெடக்கு.”

“மண்ணே இல்லை என்றால் அது எங்கள் துறை இல்லை. பாறைக்குக் கனிமவளத் துறை.”

மொக்கையன் ஊருக்குப் போனான். நடுவில் ஒரு மழை பெய்தது. இடுக்குகளில் மிச்சமிருந்த மண்ணையும் அது ஓடைக்குக் கொண்டுபோய்விட்டது. ஈரச்சாக்குக்கு அடியில் செடிகள் அழுகத் தொடங்கின. ஒச்சம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

விஜயபாண்டி வந்து உட்கார்ந்தான். “மாப்ளே, இப்பவாச்சும் நான் சொல்றதைக் கேளு. பையை எடு. எல்லாரும் எங்க அள்ளுனாகளோ அங்க போயி அள்ளிக் குடுத்துட்டு வா. மத்ததை அப்புறம் பாப்போம்.”

மொக்கையன் போடிக்குப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரோடு ஒத்துப்போய், வாரியத்தின் பாத்தியில் இரண்டு கை மண்ணை அள்ளிப் பையில் போட்டான். காவலாளி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். சொந்த மண்ணைத் திருடுகிறவன் எப்படிப் பதுங்க வேண்டுமோ அப்படிப் பதுங்கி, மொக்கையன் பையின் வாயைக் கட்டினான். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தன் பெயர் எழுதிக் கொடுத்தான்.

இந்தத் தடவை முடிவு உடனே வந்தது. யோகராஜே எழுந்து நின்றார். அலுவலர்களை எல்லாம் அறைக்குள் கூப்பிட்டார்.

“பாருங்கள்! இந்தச் சரிவிலேயே மோசமான மண்ணாக இருந்தது இவருடையது. இன்றைக்கு எல்லாரையும் விட இவருடையதுதான் முதல் தரம். புளிப்பு இல்லை, சத்துக் குறைவில்லை. பூரண மண்! எங்கள் சிகிச்சை தோற்றதே கிடையாது. மொக்கையன், இனி உங்களுக்கு எந்த மண்ணும் தேவைப்படாது. விண்ணப்பத்தை முடித்துவைக்கிறேன்.”

அனுசியா கடைசியாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டிருந்தது.

மொக்கையன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கழுத்தில் பொன்னாடை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இன்றைக்கும் வாரியத்தின் வரவேற்பறையில் தொங்குகிறது. ‘நோய் மண்ணிலிருந்து பூரண மண்ணுக்கு’ என்று கீழே எழுதியிருக்கிறது. படத்தில் அவன் வாய் திறந்தபடி இருப்பதால், சிரிக்கிறான் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள்.

மறுநாள் விடியற்காலையில் ராசிங்காபுரம் முக்கில் ஜீப்பு வந்து நின்றது. மெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் காய் எடுக்கக் கூலியாட்களை ஏற்றுகிற ஜீப்பு. மொக்கையனும் ஒச்சம்மாளும் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். மேலே குளிராக இருக்கும் என்று அவள் பொன்னாடையை எடுத்து வந்திருந்தாள்.

“என்னத்துக்குய்யா இதைப் போத்துனாக?” என்று அப்போதுதான் கேட்டாள்.

“நம்ம மண்ணு நல்ல மண்ணாம்” என்றான் மொக்கையன்.

அவள் ஜரிகை உள்பக்கம் போகிற மாதிரி மடித்துத் தலையோடு காதை மூடிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் மலை இறங்கும்போது எஸ்டேட்காரன் கால் மண்ணைத் தட்டச் சொல்லுவான், மறந்துவிடாதே என்று அவனிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி இடம் பிடித்தாள்.